பன்னிரண்டு கிளாம்பும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

1

இப்போதெல்லாம் எவனும் எவனையும் நேரில் திட்டுவதில்லை. வாட்ஸாப்பில் முதலில் ஒரு கும்பிடு போடுகிறான், பிறகு திட்டுகிறான், கடைசியில் இன்னொரு கும்பிடு போடுகிறான். இரண்டு கும்பிடுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டால் சட்டை கிழியும்தான். ஆனால் பிடித்த கை யாருடையது என்றாவது தெரியும்.

இது கதையாகத் தொடங்கவில்லை. மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. கடிதம் அம்மணிக்காக. சேலையூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தள்ளுவண்டி போட்டுக் காலையில் கேழ்வரகுக் கூழ் விற்கிறவள் அவள். கடிதம் கேட்டது அந்தக் குடியிருப்பின் சங்கம். எழுத உட்கார்ந்தது எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் துளசிங்கம்; வயது எழுபத்தொன்று, படிப்பு ஐந்தாவது. குடியிருப்பின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு கடிதம் கேட்பார்கள்.

முதலில் 'நான்' என்று போட்டுத்தான் எழுதினான். 'நான்தான் அந்தக் கிளாம்பைச் செய்தேன்' என்று ஒரு வரி வந்தது. படித்துப் பார்த்தால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'துளசிங்கம் செய்தான்' என்று மாற்றினான். இனி அவன் பாடு.

[குறிப்பு: துளசிங்கத்தின் இரண்டு கதைகள் ஏற்கெனவே அச்சில் வந்திருக்கின்றன. பத்திரிகைக்காரர் பிழை திருத்துகிறேன் என்று கோபத்தையும் சேர்த்துத் திருத்திவிட்டார். இந்தத் தடவை எழுத்துப்பிழையைத் தவிர வேறெதிலும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது. வைத்தாரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.]

2

ஆரம்பம், முதல் தடவை: 'கதிரவன் எழும் அந்த இனிய காலைப் பொழுதில்—'

(அடித்தது. இனிய காலையெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை. தண்ணீர் லாரி வரவில்லை என்று தெருவே கத்திக்கொண்டிருந்தது.)

ஆரம்பம், இரண்டாம் தடவை: 'ஒரு தப்பும் செய்யாத அம்மணி—'

(இதையும் அடித்தது. செய்தாள். டம்ளர் கழுவிய தண்ணீரைச் சாக்கடைவரை கொண்டுபோகச் சோம்பல்பட்டு, குடியிருப்பின் கேட்டுச் சரிவிலேயே ஊற்றுவாள். துளசிங்கமே நாலு தடவை சொல்லியிருக்கிறான். "வெயில்ல காஞ்சிரும்ண்ணா, நீ ஒண்ணு," என்பாள். அன்றைக்கு வெயில் இல்லை.)

மூன்றாம் தடவை ஆரம்பம் தேடவில்லை. நடந்ததையே எழுதிவிட்டான். மூன்றாவது மாடி ஞானஜோதி டீச்சர், ரிட்டையர் ஆனவர், அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அம்மணி அடுப்பை அணைத்துவிட்டு, வண்டியை அப்படியே போட்டுவிட்டு, டீச்சரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாவுக்கட்டு போட்டு முடியும்வரை டீச்சருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னாலதான் டீச்சர், மன்னிச்சுக்கோங்க," என்று அங்கேயே சொன்னாள். இதை அவளே சொன்னதனால் துளசிங்கம் முதலில் நம்பவில்லை. பிறகு டீச்சரும் சொன்னார்.

புதன்கிழமை காலை கூழ்ப்பானையோடு வந்தால், மதிலோரம் விட்டுவிட்டுப் போன வண்டியின் முன்சக்கரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கிளாம்பு. பக்கத்தில் டைப் அடித்த காகிதம். அபராதம் வேண்டாமாம், பெரிய மனசு. எழுத்தில் மன்னிப்புக் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதுமாம். இரண்டு நாளில் ஒட்டாவிட்டால் வண்டியை அந்த இடத்திலிருந்தே அப்புறப்படுத்துவார்களாம்.

வாட்ச்மேன் சவுரிமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் பூட்டலம்மா. பூட்டச் சொன்னாங்க, பூட்டுனேன்."

"அப்போ பூட்டுனது யாரு, உன் தாத்தாவா?"

"சாவி செக்ரட்டரி சார்கிட்ட இருக்கு. எங்கிட்ட கத்தி இன்னா பண்றது."

எதிரே பட்டறையிலிருந்து வந்த துளசிங்கம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். அது கார் டயருக்காகச் செய்த கிளாம்பு. தள்ளுவண்டிக்கு இருப்பது சைக்கிள் சக்கரம். தாடை பிடிக்காமல் போக, கம்பிகளுக்கு நடுவே திணித்துப் பூட்டியிருக்கிறார்கள். நாலு கம்பி வளைந்திருந்தது. ஒன்று அறுந்து தொங்கியது.

அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அம்மணி அழுதபோது வரவில்லை. இதை மறைத்து எழுதலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கிளாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேண்டாதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம். போனால் பிறகு புரியவில்லை என்று கேட்கக்கூடாது.

துளசிங்கத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பட்டறையில் கற்றது. அதில் கிளாம்பு என்பது மிகவும் மரியாதையான சாமான். இரண்டு இரும்பு ஆங்கிளை மூலைமட்டம் பார்த்துச் சேர்த்துப் பிடித்தால் கை நடுங்கும், சூட்டில் இரும்பு இழுக்கும். கிளாம்பு போட்டு முடுக்கினால் அசையாது. வெல்டு அடிக்கலாம். ஆறவிட வேண்டும். ஆறியதும் கழற்றிவிட வேண்டும். செய்து முடித்த இரும்புக் கேட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போகும்போது கிளாம்பு அதோடு போகாது, ஆணியில் தொங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவன் சில சமயம் கிளாம்பையும் சேர்த்து வெல்டு அடித்துவிடுவான். அந்த ஒரு தப்புக்குத்தான் துளசிங்கம் பட்டறையில் கை ஓங்கியிருக்கிறான்.

அவன் மகள் சந்திரிகாவுக்குப் பிள்ளை பிறந்தபோது தொப்புளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவ்வி இருந்தது. இது என்ன என்று நர்சைக் கேட்டான். "கிளாம்ப் தாத்தா. தானா விழுந்துடும்," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சாமான் இங்கேயும் வேலை பார்க்கிறது என்று ஒரு பெருமை. எட்டாம் நாள் விழுந்தது.

சுவரில் பைப்பைப் பிடிக்கிறதும் கிளாம்புதான். அது கழலாது. ஆனால் அதற்குள் தண்ணீர் ஓடுகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் செக்ரட்டரி ஜெபசீலன் சார் வந்து கார் சக்கரத்துக்குப் பூட்டுகிற கிளாம்பு பன்னிரண்டு வேண்டும் என்றார். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் குடியிருப்பின் கேட்டை அடைத்துக் காரை விட்டுவிட்டுப் போகிறார்களாம். நியாயமாகத்தான் பட்டது. துளசிங்கம் சம்மதித்தான். கீலும் தாடையும் அவனே யோசித்த அமைப்பு. (அழகாகவே வந்தது. இதை அடிக்கப்போவதில்லை.)

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் டேக் அடிப்பார்கள். அதாவது இரண்டு பொட்டு மட்டும் வெல்டு. சாமானை மாட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் முழு வெல்டு. முழு வெல்டு அடித்தபின் துளசிங்கம் உளியால் மூன்று புள்ளி தட்டுவான். அந்த மூன்று புள்ளி இல்லாத சாமானுக்கு அவன் ஜவாப்தாரி இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான்.

டேக் அடித்து வைத்திருந்தபோது ஜெபசீலன் சார் வந்தார். "மீட்டிங்ல காட்டிட்டு உடனே தரேன் அண்ணா," என்று பன்னிரண்டையும் எடுத்துப்போனார். திரும்பி வரவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்து உபயோகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்று துளசிங்கமும் இருந்துவிட்டான்.

ஆகவே உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது: அம்மணி வண்டியில் இருக்கிற கிளாம்பு இரண்டு பொட்டில்தான் நிற்கிறது. ஒரு சுத்தியல் அடி போதும்.

அடிக்கிறேன் என்று அம்மணியிடம் சொன்னான்.

"வாணாம்ண்ணா. நீ ஒடச்சாலும் நான் ஒடச்சேன்னுதான் சொல்லுவாங்க. உனக்கு இன்னா, பட்டறை சொந்தம். நான் நிக்கற எடம் அவங்க மதில் ஓரம். பதினோரு வருஷமா நிக்கறேன். அது போச்சுன்னா எங்க போவேன்? லெட்டர் எழுதிக் குடு. கேட்டுல எல்லாம் பேர் எழுதுற இல்ல, உன் கையெழுத்து நல்லா கீது."

4

துளசிங்கத்துக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று. ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விடுப்புக் கடிதம். வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அந்த வழியில்தான் போகும்.

கடிதம், முதல் தடவை:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தங்கள் வாசலில் கூழ் விற்று வருகிறேன். தண்ணீர் ஊற்றிய காரணத்தால் டீச்சர் அவர்களுக்குக் கை முறிந்துவிட்டது. ஆகையால் தாங்கள் என்னை மன்னித்து வண்டியை விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,'

(மாணவன் என்று எழுதிவிட்டுத்தான் பார்த்தான். அடிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டான்.)

கடிதம், இரண்டாம் தடவை:

'ஐயா, நீங்கள் ஆம்பிளையாக இருந்தால்—'

(அடித்தது. அம்மணி கடிதம் இது, துளசிங்கம் கடிதம் இல்லை.)

கடிதம், மூன்றாம் தடவை, அம்மணியே சொல்லச் சொல்ல:

'டீச்சர்கிட்ட எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்பேன். அந்தப் பலகையிடம் எதற்குக் கேட்க வேண்டும்—'

"இதை ஒட்டுனா வுட்டுருவாங்களா?" என்று கேட்டான்.

"வுடமாட்டாங்க. ஆனா எழுதுனது நல்லா கீது. இன்னொரு தபா படி."

படித்தான். இருவரும் சிரித்தார்கள். பிறகு அம்மணி கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வண்டி இல்லாமல் அன்றைக்கும் விற்கவில்லை.

5

டீச்சர் படித்துத் திருத்திக் கொடுப்பார் என்று வியாழக்கிழமை துளசிங்கம் மூன்றாவது மாடி ஏறினான். மூன்று கடிதமும் நோட்டில் இருந்தன.

"செருப்போடவே வாங்க துளசிங்கம். என்ன இது?"

டீச்சர் முதல் கடிதத்தைப் படித்தார். பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் தேடிய இடது கை பாதியில் நின்றது.

"லீவ் லெட்டர் மாதிரி இருக்கே."

"எனக்கு வேற லெட்டர் தெரியாது டீச்சர்."

"அம்மணி எங்கிட்ட அன்னைக்கே சாரி சொல்லிட்டாளே. இது யாருக்கு?"

"சங்கத்துக்கு."

"சங்கத்துக்கா கை ஒடஞ்சுது?"

இப்படி ஒரு வார்த்தை தனக்கு வரவில்லையே என்று துளசிங்கத்துக்கு இருந்தது. (கதையில் இதைத் தான் சொன்னதாக மாற்றி எழுதிப் பார்த்தான். பொருந்தவில்லை. டீச்சருடையதாகவே இருக்கட்டும்.)

கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்ட தொட்டில்கட்டோடு டீச்சர் கீழே இறங்கி வந்தார். சங்க அறையில் ஜெபசீலன் சார் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதைக்காரர். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. மீசையை முறுக்கிக்கொண்டு கத்துகிறவராக இருந்தால் இந்தக் கதை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

"ஜெபசீலன், நான் யார் மேலயும் கம்ப்ளெயின்ட் குடுக்கல. அதைக் கழட்டச் சொல்லுங்க."

"உங்க மனசு எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா இது உங்களுக்காக மட்டும் இல்ல. நாளைக்கு வேற யாராவது விழுந்தா? ஒரு பிரின்சிபிள் வேணும்ல."

"விழுந்தவ நான். நானே விட்டுட்டேன்கிறேன்."

"நீங்க விடலாம் டீச்சர். சங்கம் விட முடியாது."

துளசிங்கம் குறுக்கே வந்தான். "சார், அந்தக் கிளாம்பு நான் இதுக்குச் செய்யல."

"கிளாம்ப்னா என்ன அண்ணா? பிடிச்சு நிறுத்துறதுதானே?" ஜெபசீலன் சார் கோபப்படாமல் போனை எடுத்து அகராதியைத் திறந்து தமிழிலேயே வாசித்தார். இறுகப் பற்றுதல். அழுத்திப் பிடித்தல். அசையாமல் நிறுத்துதல். அடக்குதல். கெடுபிடி செய்தல். "இத்தனை அர்த்தம் இருக்கு. இதுல எதுலயும் நாம தப்புப் பண்ணலயே."

"வுடறதுன்னு எங்கியாவது போட்டுகீதா பாருங்க."

"அதுக்கு வேற வார்த்தை இருக்கு அண்ணா."

இத்தனை அர்த்தம் எழுதினவன் ஒரு நாளாவது கிளாம்பு முடுக்கியிருப்பானா? முடுக்கினவன் அடுத்த வரியில் 'வேலை முடிந்ததும் கழற்று' என்று எழுதாமல் இருப்பானா? முறிந்த கை டீச்சருடையது, மன்னித்தவர் டீச்சர், மன்னிப்புக் கேட்டவள் அம்மணி. எல்லாம் முடிந்து ஆறிப்போன இடத்தில் இன்னும் எதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது அந்த இரும்பு? இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். எழுதும்போதுதான் வருகிறது. அங்கே வந்தது வேறு.

"அது பாதி வேலை சார். முழு வெல்டு கூட அடிக்கல, என் மூணு புள்ளி கூட இல்ல. பன்னண்டும் ரெண்டு ரெண்டு பொட்டுல நிக்குது. ஒரு அடி போட்டா வாயப் பொளந்துக்கும். அதப் போய்ப் பெருசா மாட்டி வச்சிக்கினு பிரின்சிபிள் பேசறீங்க."

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஜெபசீலன் சார் போனில் என்னவோ குறித்துக்கொண்டார்.

"சொன்னதுக்குத் தேங்க்ஸ் அண்ணா," என்றார்.

6

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மணி பட்டறைக்கு வந்தாள். நோட்டைத் தானே எடுத்து, முதல் கடிதம் இருந்த பக்கத்தைக் கிழித்தாள்.

"இன்னாத்துக்கு இப்போ?" என்றான் துளசிங்கம்.

"முக்குல போய்ப் பாரு. மாடம்பாக்கத்துக்காரி ஒருத்தி வண்டி போட்டுகினு நிக்கறா. நேத்தே என் ஆளுங்க நாலு பேரு அங்க கூழ் குடிச்சிட்டு வந்துட்டாங்க. கரைச்சு வச்ச மாவு ரெண்டு நாளா புளிச்சு நாறுது. இன்னிக்கு வுட்டா எடம் போச்சு."

"டீச்சர் இன்னொரு தடவை பேசறேன்னாங்க."

"பேசட்டும். நான் வியாபாரம் பாத்துகினே கேட்டுக்கறேன்."

அடியில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டாள். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன், அம்மணி' என்று அது பலகையில் நின்றது. இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். ஜெபசீலன் சார் தாமே சாவி கொண்டுவந்து குனிந்து திறந்தார். "இனிமே பார்த்து நடந்துக்கோம்மா," என்று அன்பாகத்தான் சொன்னார். வண்டியைத் தள்ளினாள். முன்சக்கரம் குடிகாரன் நடை நடந்தது. இருந்தாலும் வண்டி அந்த இடத்திலேயே நின்றது, கூழ் விற்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் துளசிங்கம் இதை எழுதியிருக்கவே மாட்டான். வயிற்றெரிச்சலோடு சும்மா இருந்திருப்பான்.

மத்தியானம் சவுரிமுத்து ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் கவிழ்த்தார். மஞ்சள் கிளாம்பு. பன்னிரண்டு.

"சார் குடுத்தாரு. எல்லாத்துக்கும் முழு வெல்டு அடிச்சுத் திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். ஒரு அடிக்குத் தாங்காதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

7

முடிவு ஒன்று. துளசிங்கம் உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் முழு வெல்டு அடிக்கிறான். சுத்தமான வேலை. மூன்று புள்ளி தட்டுகிறான். இனி யாராலும் உடைக்க முடியாது. அடுத்தது இஸ்திரி வண்டியோ, பழைய பேப்பர்க்காரனின் மூன்று சக்கர வண்டியோ. அதன்மேல் அவனுடைய மூன்று புள்ளி.

முடிவு இரண்டு அம்மணி சொன்னது. குவியலைப் பார்த்துவிட்டு டம்ளரோடு வந்தாள்.

"அடிச்சுக் குடுத்துடுண்ணா."

"உனக்குச் சொரணை கீதா?"

"கீது. வண்டியும் கீது. நீ அடிக்கலன்னா கேம்ப் ரோட்டுல வேற பட்டறைக்காரன் எவனாவது அடிப்பான். அவன் கெட்டியா அடிச்சுடுவான்." டம்ளரை நீட்டினாள். "நீ மெல்லமா அடி. வெளிய பாத்தா நல்லா தெரியட்டும், உள்ள ஒண்ணும் இருக்க வாணாம். உனக்குத் தெரியாதா?"

தெரியும். மேலாக ஓட்டிவிட்டுக் கிரைண்டர் போட்டால் எந்த ஜெபசீலனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதற்குமேல் மூன்று புள்ளி தட்ட வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அவர் கேட்பார். இப்போது விவரம் தெரிந்துவிட்டது, இவனே சொல்லிக்கொடுத்துவிட்டான். நாற்பத்தெட்டு வருஷத்தில் பொய்ப் புள்ளி ஒன்றுகூட வைத்ததில்லை. அவள் நல்ல யோசனைதான் சொன்னாள். அதனால்தான் அவள்மேலும் கோபம் வந்தது.

முடிவு மூன்று: 'என்னால் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டுத் தலை நிமிர்ந்து—'

(அடித்தது. தலை நிமிர்வதாவது. கேம்ப் ரோட்டுக்காரன் கெட்டியாக அடிப்பான். இவன் நிமிர்ந்த தலையால் அம்மணிக்கு ஒரு கம்பிகூட நேராகாது.)

முடிவு நாலு இருக்கும் என்று இரண்டு நாளாகத் தேடினான். இதற்கிடையில் அம்மணியின் சக்கரத்தைக் கழற்றி ஐந்து கம்பி மாற்றி, கோணலை நிமிர்த்திக் கொடுத்தான். அது மட்டும் சந்தேகமில்லாமல் செய்த வேலை. டம்ளர் தண்ணீரை இன்னும் சரிவில்தான் ஊற்றுகிறாள்.

இன்றைக்கு ஞாயிறு. கிளாம்புகள் வாசலிலேயே கிடக்கின்றன. சர்ச்சுக்குப் போகிற வழியில் டீச்சர் நின்று அவற்றையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். மணி அடித்ததும் நடந்துவிட்டார். ஜெபசீலன் சார் பின்னாலேயே வந்து, "நாளைக்கு ரெடியா அண்ணா?" என்றார். "பாக்கலாம் சார்," என்றான் துளசிங்கம். அவர் கும்பிட்டார், நேரில்.

எழுத இனி ஒன்றும் இல்லை. எது சரி என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள், ஏதாவது ஒரு நியாயம் வைத்திருப்பீர்கள். ஆனால் எதைச் சொன்னாலும், அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இல்லை என்று துளசிங்கத்துக்கு என்ன நிச்சயம்?

நோட்டை மூடிக் குவியலின்மேல் வைக்கிறான். புள்ளி தட்டுகிற உளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான், பட்டறையில் விட்டால் வேறு எவனாவது எடுத்துத் தட்டிவிடுவான். ஷட்டரை இறக்கவில்லை. மாடம்பாக்கத்துக்காரி நிற்கிற முக்கைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, கேம்ப் ரோட்டுப் பக்கம் நடக்கிறான். திங்கட்கிழமை திரும்பி வருவானா என்று கேட்டால் அவனுக்கே அவன்மேல் நம்பிக்கை இல்லை.